பேசுகிற கண்ணாடி

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் ஜூலியட்டின் வலது மணிக்கட்டு முறிந்துபோனது. அழுது பிரயோசனமில்லை, எலும்பு பொருந்த அதற்குரிய காலம் எடுக்கும். கோயில் பெருநாள் அதுவரை காத்து நிற்காது.

தன் ஊரான தோட்டவெளியின் கோயிலுக்கென்று அவள் செய்துகொண்டிருந்த வண்ணக் கண்ணாடி யன்னலில், மாதாவின் மேலாடைத் துண்டு மட்டும்தான் பாக்கி. அதற்கான நீலம் ஒரேயொரு தகடு. திருச்சிப் பக்கத்து அகதி முகாமில் இருந்த காலத்தில் அவள் வேலை பழகிய பட்டறையில், ஊர் திரும்புகிற அன்று மேஸ்திரி கையில் கொடுத்தது. அங்கே அவள் ‘சிலோன் அக்கா’. இங்கே வந்தபின் ‘இந்தியாக்காரி’. இந்த யன்னல் ஏறினால் ஊர் தன்னை ஊராளாகப் பார்க்கும் என்று நினைத்திருந்தாள். தகடு உடைந்தால் அந்த நிறத்துக்கு எங்கே போவது?

வெட்ட இருந்தது மச்சாள் மெற்றில்டா ஒருத்திதான். மீன் வெட்டிய கை, நடுங்காது. ஆனால் பழைய கண்ணாடியில் பழகும்போது ஒன்றும் நேராகப் பிளக்கவில்லை. கண்ணாடி வெட்டியைச் சத்தமே வராமல் மெல்ல இழுத்தாள்.

“ஏன்டி, பூனைக்குட்டியைத் தடவுற மாதிரித் தடவுறாய்?”

“நீதானே சொன்னனீ, கண்ணாடி பேசும், காதைக் குடுத்து வெட்டு எண்டு. நான் அதிட்டப் பேச்சு வாங்காமல் வெட்டப் பாக்கிறன்.”

சிரித்த சிரிப்பில் ஜூலியட்டுக்குக் கட்டுப்போட்ட கை நொந்தது. இங்கே பேசுவதென்றால் ஏசுவது. அங்கே போன புதிதில் அவளும் இதிலேதான் விழுந்தாள். “வாயைத் திறந்து பேசும்மா” என்று மேஸ்திரி சொல்ல, இந்த நல்ல மனுசனை நான் எதுக்குப் பேசவேணும் என்று மலைத்து நின்றாள். விளங்கியபோது பட்டறையே சிரித்தது. சூடான ஈயத்தின் மணமும் அந்தச் சிரிப்பும் இப்போது ஒன்றாக வந்தன.

“ஏசாது மச்சாள், கதைக்கும். கிர்ரெண்டு ஒரே சீராச் சத்தம் வரவேணும். வராட்டில் கீறல் விழேல்லை. அமத்து.”

“அப்ப இவ்வளவு நேரமும் அதின்ர வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனானோ?”

பழைய கண்ணாடி நேராகப் பிளந்தது. பிறகு நீலத்தை எடுத்தார்கள். ஜூலியட் இடது கையால் தகட்டை அமர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள். மெற்றில்டா வெட்டியை அமர்த்தி இழுக்க, மேலாடையின் தோள் வளைவு முழுக்கச் சத்தம் அறாமல் வந்தது. பிறகு கீழிருந்து தட்ட, துண்டு கழன்றது. ஓரத்தில் அரிசியளவு சிதறல்.

“ஐயோ மாதாவே!”

“அது ஈயப்பட்டிக்குள்ளே மறைஞ்சிடும். பிடி, வைப்பம்.”

நீலம் தன் இடத்தில் அமர்ந்தது. ஜூலியட் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஆடவில்லை.

“பங்குச் சுவாமியிட்டச் சொல்லு, யன்னலைக் கோயில் சுவரிலை பூட்ட ஆள் பிடிக்கட்டும் எண்டு.”

“ஆர் செய்தது எண்டு கேட்டால்?”

“தோட்டவெளியாக்கள் எண்டு சொல்லு.”