உப்புக்குக் கழித்த எடை

ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். பள்ளிகொண்டா நெடுஞ்சாலை ஓரம் நான்கு மூங்கில் நட்டு, மேலே கிழிந்த லாரித் தார்ப்பாய் கட்டி ஒர்க்‌ஷாப் ஆரம்பித்தேன். இன்றைக்கு அதே இடத்தில் பன்னிரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் நிற்கும் ஷெட் இருக்கிறது. சத்துவாச்சாரியில் மாடி வீடு கட்டினேன். என்ஜின் தூக்கும் கிரேன் வாங்க வழியில்லாத நாளில், உடைந்த லாரியின் சட்டத்தை வெட்டி நானே ஒரு கிரேன் செய்தேன். அது இன்னும் வேலை செய்கிறது. பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜினை ஏற்றி மலைக்கு அனுப்பும் வேலையை இந்த வட்டாரத்தில் முதலில் செய்தவன் நான்தான். அதைப் பார்க்கச் சித்தூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். என்ஜினீயரிங் படித்தவர்கள் என் ஷெட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறார்கள். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. எல்லாம் இந்த இரண்டு கை செய்தது.

இவ்வளவுக்கும் நடுவில், ஷெட்டின் பின்சுவர் ஓரம் ஒரு மேடைத் தராசு நிற்கிறது. தோல் கிடங்குகளில் இருக்குமே, ஆள் ஏறி நிற்கும்படி பலகையும், மேலே எண் வெட்டிய இரும்புச் சட்டமும், அதில் நகரும் குண்டும் உள்ள பழைய தராசு. என் மகன் அதைப் பழைய இரும்புக்குப் போட மூன்று தடவை வாசல் வரை இழுத்துவிட்டான். மூன்று தடவையும் நான் உள்ளே தள்ளி வைத்தேன். காரணம் கேட்டான், சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆம்பூரில் ஒரு தோல் ஷெட். அதன் முதலாளியைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் எடை போடும் வேலையில் இருந்தவர் என் தோஸ்த். நான் அவரை தோஸ்த் என்பேன், அவர் என்னையும் அப்படியே. எங்கள் இரண்டு வீட்டிலும் அதுதான் எங்கள் பெயர். என் பெண்டாட்டிகூட "உன் தோஸ்த்து வந்துட்டு போனாரு" என்றுதான் சொல்வாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஒல்லியான, உயரமான ஆள். உப்பில் கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். சிரிக்கும்போது கண் இரண்டும் காணாமல் போய்விடும்.

அவர் எடை போடுவதே பார்க்க ஒரு காட்சி. பச்சைத்தோல் உப்புப் போட்டுத்தான் வரும். உப்பும் ஈரமும் சேர்ந்து கனக்கும். அந்தக் கனத்தைக் கழித்துத்தான் எடை சொல்ல வேண்டும் என்பது தோல் கொண்டுவருகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் உள்ள பேச்சு. அந்த ஷெட்டில் ஆறில் ஒரு பங்கு கழிவு. தோஸ்த் குண்டை நகர்த்துவார், சட்டம் சமமாக நிற்கும், அடுத்த மூச்சில் கழித்த எடையைச் சத்தமாகச் சொல்லுவார். தராசு காட்டிய எண்ணை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. இருபது வருஷம் அப்படி. ஒரு தடவைகூட யாரும் மறுத்துப் பேசியதில்லை.

காலையில் எடை, வாரத்தில் இரண்டு நாள் ஜீப். தோலைப் பதப்படுத்தப் பாய்க்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வேண்டும். ஒடுகத்தூருக்கு மேலே மலைக்குள் போய், அங்கே சேர்த்து வைத்திருப்பதை மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டும். பாதை என்று பெயர்தான், பாறையும் ஓடையும். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று பாயிடம் இருந்தது. அதை அந்த வழியில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தோஸ்த்.

பெட்ரோல் குடித்தது வண்டி. ஓடையில் இறங்கினால் பிளக் நனைந்து நின்றுவிடும். டீசல் மாற்றலாமா வேண்டாமா என்று பாய் ஒரு மாதம் யோசித்தார். நாங்கள் மூன்று பேரும் ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டே பேசிய பேச்சு இப்போதும் காதில் இருக்கிறது.

"டீசல் மெதுவா போனாலும் இழுக்கும் பாய். மலைல ஸ்பீடு யாருக்கு வேணும், இழுவைதான் வேணும். தண்ணில எறங்கினாலும் நிக்காது" என்றேன்.

தோஸ்த் ஒப்புக்கொள்ளவில்லை. "இழுக்கும், சரி. கனம்? ஏர்ற வண்டிக்கு மூக்கு லேசா இருக்கணும் தோஸ்த். எறங்குறப்ப எல்லா கனமும் முன்னாடிதான் வந்து ஒக்காரும். நீ ரோட்ல கெடக்குறவன், உனக்கு இன்னா தெரியும் மலையப் பத்தி?"

"மலை உனக்குத் தெரியும், என்ஜின் எனக்குத் தெரியும். கனம் எவ்ளோன்னு போட்டுப் பாத்து, அதுக்கு ஏத்தா மாதிரி முன்னாடி ஸ்பிரிங்ல பிளேட் ஜாஸ்தி பண்ணிட்டா முடிஞ்சுது."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிங்க. அப்புறம் நான் சொல்றேன்" என்றார். சொன்னதும் என் பக்கம்தான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. நெடுஞ்சாலையில் உள்ள எல்லா டீக்கடையிலும் சொல்லிவிட்டேன்: வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் டீசல் ஜீப் நிற்கும் என்று.

பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைத் தராசில் நானே எடை பார்த்துவைத்தேன். டீசல் என்ஜின் லாரியில் வந்து நேராகத் தோல் ஷெட்டிலேயே இறங்கியது, கியர்பாக்ஸோடு, எண்ணெயும் சேறும் அப்பிக்கொண்டு. அங்கேயே தராசு இருக்கும்போது வேறு எங்கே தூக்கிக்கொண்டு போவது? நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். தோஸ்த் குண்டை நகர்த்தினார். முன்னால் தோல் எடை போட்டு முடித்த ஈரம் பலகையில் காயவில்லை; அடுத்த வண்டித் தோல் பின்னால் காத்திருந்தது.

"எரநூத்தி அம்பது!" என்று சொல்லிவிட்டுக் குண்டைத் தள்ளிவிட்டார்.

நான் அதைக் கரியால் சுவரில் எழுதிக்கொண்டேன். அந்த எண்ணுக்குத்தான் கணக்குப் பார்த்து, முன் ஸ்பிரிங்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளேட் கூடுதலாகப் போட்டேன்.

இனி நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. என்ஜின் முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. வண்டியைத் தரையில் இறக்கி நிறுத்தினேன். முன்பக்கம் தாழ்ந்திருந்தது. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு விரல்தான் நுழைந்தது. என் விரலுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ எடை தப்பு என்று. மறுபடியும் கழற்றி, எடை பார்த்து, இன்னொரு பிளேட் அடித்துப் போட மூன்று நாள் ஆகும். வெள்ளிக்கிழமை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் தோஸ்த் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா தோஸ்த், மூக்கு சாஞ்சு நிக்குது?"

"காலி வண்டி அப்டிதான் நிக்கும். பின்னாடி மூட்டை ஏத்து, தானா சரியாய்டும்" என்றேன்.

"ஏத்தினா பின்னாடி எறங்கும். முன்னாடி எப்பிடி ஏறும்?"

"நீ எடை போடுறவன். நான் மெக்கானிக்."

அவர் சிரித்தார். கண் காணாமல் போயிற்று. "சரி மேஸ்திரி, நீ சொன்னா சரி" என்று வண்டியில் ஏறிக்கொண்டார். தொழுகை முடிந்து பாய் வெளியே வந்தபோது ஜீப் வாசலில் நின்றது. எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். ஒரு மாலையைக்கூட யாரோ வண்டிக்குப் போட்டார்கள்.

நான்கு முறை மலைக்குப் போய் வந்தது வண்டி. ஐந்தாம் முறை, கடுக்காய் மூட்டையோடு இறங்கும்போது, பாறை வளைவில் முன் ஸ்பிரிங்கில் அச்சையும் வண்டியையும் இணைத்துப் பிடிக்கும் தாய் பிளேட் முறிந்தது. அச்சு ஒரு பக்கம் விலகி, ஸ்டியரிங் கையில் நிற்காமல், வண்டி ஓடைப் பள்ளத்தில் சாய்ந்தது. மலை ஜனங்கள்தான் கட்டிலில் வைத்து அவரைக் கீழே தூக்கி வந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

உடைந்த வண்டியிலிருந்து என்ஜினைக் கியர்பாக்ஸோடு இறக்கி இரும்புக் கடையில் எடை போட்டேன். முந்நூறு கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக் கனம் கூடுதல். ஒரு சிமெண்ட் மூட்டையை அந்த ஜீப்பின் மூக்கில் தொங்கவிட்டு அவரை மலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாயும் பக்கத்தில் இருந்தார். எண்ணைச் சொன்னதும் தோஸ்த் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது; மனதுக்குள் அவர் கழித்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. ஆறில் ஒன்று. முந்நூறில் ஐம்பது.

"உப்பு கழிச்சுட்டேன் பாய்" என்றார். "இரும்புக்கு உப்பு கழிச்சுட்டேன். கையி பழக்கத்துல போய்டுச்சு. மேஸ்திரி மேல தப்பு இல்ல. அவுரு நான் சொன்ன எடைக்குத்தான் செஞ்சாரு."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு விரல்தான் நுழைந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். மூக்கு சாய்ந்திருப்பதை நீயே காட்டினாயே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவர் தலையணையைச் சரிசெய்தேன். பாய் என் கையைப் பிடித்து, "நீ இன்னா பண்ணுவ பாவம்" என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை குவிந்தது. அந்த ஜீப் மலையேறிய கதைதான் பரவியது, விழுந்த கதை எடைக்காரரின் தவறாகப் போயிற்று. தராசு பக்கம் அவரைப் பாய் மறுபடி நிறுத்தவில்லை. கேட்டில் உட்கார வைத்தார். பிற்பாடு தோல் ஷெட்டையே மூடிய பிறகு, வீட்டில் அவரும் அவர் மனைவியும் ஷூ மேல்தோல் தைத்தார்கள். எடைக்காரர் என்று பெயரெடுத்த மனிதர், "உப்பு கழிச்ச பாய்" என்று கேலிப் பெயரோடு மிச்ச காலத்தை ஓட்டினார். அதைச் சொல்லி ஜனங்கள் சிரிக்கும்போது அவரும் கூடச் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பஸ் ஏறி என் ஷெட்டுக்கு வருவார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு வண்டியை நான் தரையில் இறக்கும்போது, "தோஸ்த், அன்னைக்கு மூக்கு..." என்று ஆரம்பித்தார். நான் ஸ்பேனரைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். அவரே, "வுடு, டீ ஆறிடும்" என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் சொல்வேனா என்றுதான் பார்த்தார்.

போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வெளியே நிற்கும்போது ஒருவர், "நல்ல மனுஷன். தன் தப்புக்குத் தானே காலக் குடுத்தாரு" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். அன்றைக்கும் நான் அங்கேதான் நின்றேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அன்றைக்கும் பேசவில்லை. வீடு வந்து, அவர் மனைவி கொடுத்தனுப்பிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பெங்களூர்ப் பிள்ளைகள் நாலு பேர் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மலையேற டீசல் மாற்ற வேண்டுமாம். என் மகன் கொக்கியில் மாட்டும் தராசில் என்ஜினைத் தொங்கவிட்டான்; சிவப்பு எழுத்தில் எண் வந்தது. யாரும் கழிக்க முடியாத எண். நான் மூன்று தடவை தொங்கவிடச் சொன்னேன். "ஒரு தடவை போதும்ப்பா" என்று அலுத்துக்கொண்டான். வண்டி இறங்கியதும் குனிந்து விரல் விட்டுப் பார்த்தேன். நாலு விரல் நுழைந்தது. விரலை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தேன்; முட்டி பிடித்துக்கொண்டது என்று நினைத்து மகன் தூக்கிவிட்டான்.

ஆம்பூர்த் தோல் ஷெட்டுகளில் வேலை செய்த பழைய ஆட்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்கள். முதல் டீசல் ஜீப்பைப் பற்றி என்னை எழுதித் தரச் சொன்னார்கள். மாதிரிக்கு அவர்களே ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் என் பெயர் பெரிதாக இருந்தது. கீழே, எடையாளரின் தவறால் வண்டி பின்னர் விபத்துக்குள்ளானது என்று ஒரு வரி.

அந்தத் தராசுக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உப்பு அரித்து அதன் குண்டு இப்போது நகர்வதில்லை. பாயின் தோல் ஷெட்டை மூடியபோது நான் அதை வாங்கி வந்தது ஞாபகத்துக்கு என்று ஊரில் சொன்னேன். அது பொய். வேறு யார் கண்ணிலும் அது பட்டு, அந்த எடைப் பேச்சு மறுபடி கிளம்ப வேண்டாம் என்று வாங்கினேன்.

மலர் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் செய்த வேலைக்கு என் பெயரைப் போடாத எவனையும் இதுவரை நான் சும்மா விட்டதில்லை. இப்போதும் விடமாட்டேன். அந்த ஜீப்பைச் செய்தவன் நான். அது தாழ்ந்து நிற்கிறது என்று விரல் விட்டுப் பார்த்தவன் நான். தெரிந்தே சாவியைக் கொடுத்தவன் நான். எடைக்காரர் பழக்கத்தில் ஐம்பது கிலோ தவறினார். தெரிந்து தவறியவன் நான் ஒருவன்தான். அந்த வரியிலிருந்து அவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்னைப் போடுங்கள். மேலே என் பெயரை எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்களோ, அதே எழுத்தில்.