ஜெய்சல்மேர் கோட்டையில வாங்கின ஜோடி

நீங்க சிரிச்சாலும் பரவால்ல, சொல்லிடறேன். பேய், ஆவி, காத்து கருப்பு, இதெல்லாம் நான் ஒரு நாளும் சட்ட பண்ணவ கெடையாது. எங்க தெருவுல எவளுக்காவது சாமி வந்து ஆடுனா, "ஆடி முடிச்சிட்டு சீக்கிரம் கொழாயடிக்கு வாம்மா, தண்ணி நின்னுடும்"னு சொல்ற ஆளு நான். ஆம்பூர்ல ஷூ கம்பெனில இருவத்திரெண்டு வருஷமா ஃபைனல் செக்கிங். கண்ணால பாத்தத மட்டும் நம்பறதுதான் என் வேலையே. அப்பேர்ப்பட்டவளுக்கு, ராத்திரி இல்லீங்க, பட்டப்பகல்ல, மத்தியானம் ஒண்ணர மணிக்கு, நம்ம ஊரே இல்லாத ஒரு ஊர்ல இது நடந்துச்சு.

அத சொல்லணும்னா மொதல்ல மெஹர பத்தி சொல்லணும். அங்கதான் எனக்கு வாய் வரமாட்டேங்குது.

மெஹருன்னிசா எனக்கு அடுத்த டேபிள். ஜோடி சேக்கற வேல. மேல தையல், அடிப்பாகம், பாலிஷ் எல்லாம் முடிஞ்சி ஷூவெல்லாம் தனித்தனியா கலந்து வரும். லெப்ட்டு ஒண்ணு ரைட்டு ஒண்ணு எடுத்து, சைசு, கலரு, தோலோட வாகு எல்லாம் ஒத்துப்போவுதான்னு பாத்து ஜோடியாக்கணும். அவ ரெண்டையும் அடிப்பாகத்தோட அடிப்பாகம் வெச்சி 'தட்'னு ஒரு தட்டு தட்டி "ஜோடி!"ன்னு சொல்லி என் பக்கம் தள்ளுவா. ஒவ்வொரு ஜோடிக்கும் சொல்லுவா. நாள் பூரா கேட்டு கேட்டு பேஜாராயி, "உன் வாய தச்சிடறேன்டி"ன்னு திட்டுவேன், அதுக்கும் சிரிப்பா. நான் ஷூவ பாத்துட்டு உள்பக்கம் சில்வர் பேனாவால என் மார்க்க போடுவேன். வட்டம், உள்ள ஏழு, ஏழுக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு. என் நம்பர் ஏழு. அந்த குறுக்குக் கோடு நான் மட்டும் போடறது.

புருஷன் இல்லாதவ. ஒத்த ஆளா ரெண்டு பொண்ணுங்கள வளத்தா. வலது கட்டவெரல் நகம் நடுவுல பொளந்து ரெண்டா இருக்கும், மெஷின் ஊசி ஏறினது. ரம்ஜானுக்கு அவ வூட்டு பிரியாணி எனக்கு, பொங்கலுக்கு என் வூட்டு பொங்கல் அவளுக்கு. பதினாலு வருஷம் இப்டியே போச்சு.

நாலு வருஷம் முன்னாடி ஒரு நாள் கண்டெய்னர் ஏத்தற அவசரம். மத்தியானம் அவ தொழுவ போவா, அது கம்பெனிலயே ஒத்துக்கிட்டதுதான். "அக்கா, வர்ற வரைக்கும் கொஞ்சம் ஜோடி சேத்து வைங்க"ன்னு சொல்லிட்டு போனா. நானும் சேத்தேன். அன்னிக்கி ஜோடியும் நானே, செக்கிங்கும் நானே. கை ஓடிச்சி, கண்ணு ஓடல.

சாயங்காலம் வெளிநாட்டு பார்ட்டியோட ஆளு சரக்கு பாக்க வந்தாரு. அவரு தொறந்த மொத டப்பாவுலயே ரெண்டும் லெப்ட்டு. அவரு மேனேஜர கூப்ட போனாரு. டப்பா என் டேபிள் மேல தொறந்து கெடக்குது. உள்ள ரெண்டு ஷூவுலயும் பளிச்சுனு என் ஏழு.

கறை, மார்க்கு எல்லாம் அழிக்கற தின்னர் துணி பக்கத்துலயே இருந்துச்சு. தொடச்சிட்டேன்.

மேனேஜர் வந்து "யாரு ஜோடி சேத்தது?"ன்னு கத்துனாரு. நான் வாயால பேர் கூட சொல்லல, பக்கத்து டேபிள பாத்தேன், அவ்ளோதான். மெஹர் என்னய பாத்துனே நின்னா. அன்னிக்கி சாயங்காலமே அவள கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. ஷூவுல மார்க்கு இல்லியே, அதனால செக்கிங்குக்கு வராமயே டப்பாவுல போட்டுட்டா, கை சுத்தமில்லாதவன்னு பேராயிடுச்சி. நம்ம பக்கம் ஒரு கம்பெனில நடந்தது அடுத்த கம்பெனி கேட்டுக்கு மறுநாளே போயிடும்ல, எங்கயும் சேத்துக்கல. வூட்ல உக்காந்து பீடி சுத்தறான்னு கேள்விப்பட்டேன். அந்த ரம்ஜானுக்கு நான் போவல. எந்த மூஞ்ச வெச்சினு போவேன்?

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

என் மாப்ளைக்கு சொந்த ஊரு கணியம்பாடி பக்கம், மிலிட்டரில இருக்காரு. போன வருஷம் ஜெய்சல்மேர்ல போஸ்டிங், குவார்ட்டர்ஸ் குடுத்தாங்க, என் பொண்ணு வனிதாவும் அங்க போய்ட்டா. "ஒரு தடவ வந்து பாரும்மா"ன்னு நச்சரிச்சி, மார்கழில லீவு போட்டு கெளம்பினேன். காட்பாடில ஏறி, மெட்ராஸ் போய், அங்கேருந்து ரெண்டு மூணு நாள் ரயில். எறங்குனா குளுரு ஒரு பக்கம், வெய்யில் ஒரு பக்கம். ஊரே மஞ்ச கல்லு. வூடு, கடை, கோயிலு, குளத்து படிக்கட்டு எல்லாம் ஒரே கலரு. ஷேடு பாக்கறவ நான், என்னாலயே ஒரு சுவத்துக்கும் இன்னொரு சுவத்துக்கும் வித்தியாசம் கண்டுபுடிக்க முடியல.

வனிதா கோட்டைக்கு கூட்டினு போனா. நம்ம வேலூர் கோட்டைன்னா அகழி இருக்கும், கோயில் இருக்கும், மியூசியம் இருக்கும், சாயங்காலமானா காத்து வாங்கிட்டு வூட்டுக்கு வந்துடுவோம். அங்க அப்டி இல்லீங்க, கோட்டைக்குள்ளயே ஜனங்க குடியிருக்காங்க. ஒருத்தி மாடத்துல துணி காயப்போடறா, ஒருத்தரு ஸ்கூட்டர் தொடைக்கிறாரு, புள்ளைங்க ஸ்கூல் பைய மாட்டினு ஓடுதுங்க, நடு சந்துல மாடு படுத்துனு இருக்கு, வெள்ளக்காரங்க அத சுத்தி போறாங்க. வாசப்பக்கத்து சுவத்துல புள்ளையார் படம் வரைஞ்சி, கல்யாணப் பொண்ணு மாப்ள பேரு, தேதி எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. கல்யாணம் முடிஞ்சும் அழிக்க மாட்டாங்களாம், வெய்யில்ல அதுவா மங்கற வரைக்கும் வுட்டுடுவாங்களாம். எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

கம்பு ரொட்டியும் ஏதோ பாலைவனத்து காய் பொரியலும் சாப்ட்டுட்டு ஒரு சந்துல வந்தோம். வனிதாவுக்கு போன் வந்துச்சு, மாப்ளதான், அவ அப்டியே ஓரமா நின்னு பேசினு இருந்தா. எனக்கு தோலு வாசன வந்துச்சு. ஆட்டுத்தோலு, மாட்டுத்தோலுன்னா கண்ண மூடினு சொல்லுவேன், இது வேற, ஒட்டகமாம். மூக்கு இழுத்துனு போன பக்கம் போனேன். சின்ன கடை, வாசல் முழுக்க மூக்கு வெச்ச செருப்பு, கலர் கலரா நூல் வேலப்பாடு. உள்ள ஒரு பொம்பள தலையில முக்காடு போட்டு மூஞ்சி தெரியாம உக்காந்துனு இருந்தா.

நான் குனிஞ்சி ஒரு செருப்ப எடுத்தேன். அவ என் கையிலேருந்து வாங்கி, அதோட ஜோடிய எடுத்து, அடிப்பாகத்தோட அடிப்பாகம் வெச்சி 'தட்'னு தட்டி "ஜோடி!"ன்னா.

இந்தியிலயும் ஜோடிதானே, யாரு வேணா சொல்லலாம், அது எனக்கும் தெரியும். ஆனா அந்த தட்டு இருக்கே, அது என் காதுல பதினாலு வருஷம் வுழுந்த சத்தம். கைய பாத்தேன். வலது கட்டவெரல் நகம் நடுவுல பொளந்திருக்கு. அப்ப அவ தமிழ்ல, நம்ம ஆம்பூர் தமிழ்ல சொன்னா: "இதுல லெப்ட்டு ரைட்டு கெடையாதுக்கா. எந்த கால்ல வேணா போட்டுக்கலாம். மாறிப்போனா கூட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, என் பொண்ணு மேல சத்தியமா இதே வார்த்த. நான் "மெஹரு?"ன்னேன். செருப்ப என் கையில வெச்சா. பழக்கம் வுடுமா, நானும் ஒண்ணோட ஒண்ணு வெச்சி பாத்தேன். ரெண்டும் நேரா இருந்துச்சு, வளைவே இல்ல, அச்சு ஒண்ணு. அந்த ஊரு செருப்பே அப்டித்தானாம். "அம்மா"ன்னு வனிதா கூப்ட்டா, திரும்பினேன். மறுபடி பாத்தா உள்ள யாரும் இல்ல.

தலப்பா கட்டின ஒரு பெரியவரு வாசல்ல நின்னு இந்தில சத்தம் போட்டாரு. வனிதா கேட்டு சொன்னா, அவரு சாப்ட போயிருந்தாராம், ஆள் இல்லன்னு காட்ட வாசல்ல குறுக்க கழி வெச்சிட்டு போயிருந்தாராம், கழி வெச்சிருந்தா யாரும் உள்ள போவ மாட்டாங்களாம், "உங்கம்மா எப்டி போனாங்க?"ன்னு கேக்கறாரு. கழி வாசல்லதான் கெடந்துச்சி, நான் தாண்டினது எனக்கே தெரியல. "உள்ள ஒரு லேடி இருந்தாங்களே"ன்னேன். அவங்க வூட்டு பொம்பளைங்க வூட்ல உக்காந்து நூல் வேல செய்வாங்களாம், கடைக்கு வந்து உக்கார்றதே இல்லியாம். பின்பக்கம் கதவும் இல்ல. கையில இருந்த ஜோடிய காசு குடுத்து வாங்கினேன், அவரு பேப்பர்ல சுத்தி டப்பாவுல போட்டு குடுத்தாரு.

அப்ப எனக்கு பயமே வரலீங்க, அதான் கூத்து. அவ்ளோ சந்தோஷம். மெஹர் என்னய மன்னிச்சிட்டா, எப்டியோ வந்து சொல்லிட்டு போய்ட்டான்னு ரயில் பூரா அழுதுனே வந்தேன். அவளுக்கு எதனா ஆயிடுச்சோன்னு வேற கவல. ஆம்பூர் வந்த மறுநாளே அந்த செருப்பு டப்பாவ பிரிக்காம எடுத்துனு அவ வூட்டுக்கு போனேன்.

உசுரோடதான் இருந்தா. குத்துக்கல்லாட்டம் உக்காந்து பீடி சுத்தினு இருந்தா. தலமுடி பாதி நரச்சிப்போச்சி. "வாங்கக்கா"ன்னா. பொண்ண டீ போட சொன்னா. நான் உக்காந்த ஒடனே எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஜோடி சேத்தது நான், மார்க்க தொடச்சது நான், உன் டேபிள பாத்தது நான்னு.

"தெரியும்க்கா"ன்னா. "தின்னர் வாசன வந்துச்சே."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். கேட்டு வரைக்கும் திரும்பி திரும்பி பாத்தேன். அப்பறம் ரம்ஜானுக்கு வருவீங்க, அப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். பிரியாணி எடுத்து வெச்சிருந்தேன்."

எனக்கு அப்டியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. அப்பறம்தான் அந்த கோட்டை, அந்த கடை, அந்த பொம்பள, எல்லாத்தையும் சொன்னேன். "நீதான் சொன்னேடி, மாறிப்போனா கூட ஒண்ணும் இல்லன்னு. உன் குரல்டி"ன்னேன். அவ பீடி எலைய கீழ வெச்சிட்டு என்னய நேரா பாத்தா.

"நான் இந்த ஆம்பூர வுட்டு எங்கயும் போவலியேக்கா. அப்டி நான் சொல்லவும் மாட்டேன். எப்டிக்கா சொல்லுவேன்? என் ரெண்டாவது பொண்ணு படிப்ப நிறுத்திட்டா. அது ஒண்ணும் இல்லியா?"

புத்தி கெட்டவ, அந்த டப்பாவ அவ பக்கம் தள்ளினேன், "இதாவது வெச்சிக்கோ"ன்னு. அவ தொறந்தா. ரெண்டையும் எடுத்தா. அடிப்பாகத்தோட அடிப்பாகம் வெச்சி தட்டினா, பழக்க தோஷம். "ஜோடி"ன்னு சொல்லல. ரெண்டையும் பிரிச்சி பக்கத்துல பக்கத்துல தரையில வெச்சா.

ரெண்டும் லெப்ட்டு.

நேரா இருந்த செருப்புங்க, நான் போடவே இல்ல, ரெண்டும் உள்பக்கமா ஒரே வாட்டத்துல வளஞ்சி, சின்ன கொழந்தய கேட்டா கூட சொல்லும் இடது காலுன்னு. "இன்னாக்கா இது?"ன்னு கேட்டா. அவ கேட்ட கேள்வில கோவம் இல்ல, அதுதான் என்னய கொன்னுடுச்சி. நான் வேணும்னு கேலி பண்ண வந்திருக்கேன்னு நெனச்சிட்டா. சத்தியம் பண்ணேன், அழுதேன். அவ பேப்பர மடிப்பு கலையாம சுத்தி, டப்பாவ மூடி என் மடில வெச்சா. "என்கிட்ட சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது. சொல்ல வேண்டிய எடம் வேற. டீ ஆறுது, குடிங்க"ன்னா. குடிச்சேன், இன்னா ருசின்னே தெரியல.

எங்க கம்பெனி மெக்கானிக் கிட்ட செருப்ப காட்னேன். ஒட்டகத்தோலு சரியா பதப்படுத்தலன்னா குளுருலேருந்து நம்ம ஊரு வெக்கைக்கு வந்தா வளஞ்சிக்கும்னாரு. இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. ரெண்டும் ஒரே பக்கமா வளையுமான்னு கேட்டேன், வேல இருக்குன்னு போய்ட்டாரு. ஆனா அவருகிட்ட நான் உள்பக்கத்த காட்டல. மெஹர் வூட்லேருந்து வந்த அன்னிக்கி வெளக்கு கிட்ட வெச்சி பாத்தேன். ரெண்டு செருப்புலயும் குதிகால் பக்கம், பளிச்சுனு சில்வர்ல ஒரு வட்டம், உள்ள ஏழு, ஏழுக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு. சில்வர் பேனாவ நாங்க வெளிய எடுத்துனு போவவே முடியாது, ஷிப்ட் முடிஞ்சா திருப்பி குடுத்துட்டுதான் வரணும்.

வருஷம் ஒண்ணாவப்போவுது. அந்த மார்க்கு நாள்பட்டா தானா மங்கிப்போற சாமான், இன்னும் நேத்து போட்ட மாதிரி இருக்கு. தின்னர் துணி தெனம் என் கைக்கு எட்ற தூரத்துலதான் கெடக்கு. தெனமும் டப்பாவ சாப்பாட்டு பையில வெச்சி கம்பெனிக்கு எடுத்துனு போறேன், மேனேஜர் ரூம் வரைக்கும் போறேன், திரும்ப வூட்டுக்கு எடுத்துனு வர்றேன். இந்த தடவ நான் தொடைக்கல. ஆனா அந்த கதவயும் இன்னும் தட்டல.