காகிதத்தில் வந்த கால்

என் பேத்திக்கு வந்ததெல்லாம் காதல் கடிதமாம்! எதிர்வீட்டுக்காரி பிரித்துப் பார்த்தாளா? நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் அந்தக் காகிதங்களில் இருந்தது கால். காலைப் பார்க்கப் படிப்பு எதற்கு?

என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பத்து வயதில், பள்ளிக்கூடத்து டீச்சர் கடல் தாண்டி ஒரு பெண்ணைப் பேனா சிநேகிதியாகப் பிடித்துக் கொடுத்தார். இவள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை இவளுக்குத் தெரியாது. என்னத்தை எழுத? காகிதத்தின் மேல் ஏறி நின்று, பென்சிலால் இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்து அனுப்பினாள். அங்கிருந்தும் இரண்டு பாதம் வந்தது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் இதே கூத்து. "பாட்டி, அவ கால் என் காலை முந்திடுச்சு!" என்று குதிப்பாள்.

ஒரு வருஷம் இடது கால் மட்டும் வந்தது. "என்னாச்சுன்னு கேளுடி" என்று வீடே நச்சரித்தது. இவள் கேட்கவில்லை. தானும் இடது காலை மட்டும் வரைந்து அனுப்பினாள். அன்றிலிருந்து அப்படித்தான். அந்த வயதில் அதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இப்போது இவளுக்குச் செருப்புப் பட்டறையில் தையல் வேலை. யார் வந்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். சம்பந்தம் பேச வந்தவர்கள் போனதும், "மாப்பிள்ளை எப்படிடி?" என்றேன். "எட்டாம் நம்பர் பாட்டி, அகலம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். மூஞ்சியைப் பார்க்கவே இல்லை, கழுதை!

போன மாதம் சேதி வந்தது. இப்போதுதான் போனே பாஷையை மாற்றிச் சொல்லிவிடுகிறதே. அந்தப் பெண்ணுக்குச் செயற்கைக்கால் பொருத்தப் போகிறார்களாம். பயமாக இருக்கிறதாம், வந்து பக்கத்தில் நிற்கச் சொன்னாள். இவள் டிக்கெட் வாங்கிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? காதல் கடிதம் எழுதினவனைத் தேடிப் போகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் போய் ஊதினாள். "பொண்ணு வெளிநாடு போனா இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

என் மகள் அழுதாள். "நீ போகலைன்னா அவளுக்குக் கால் ஒட்டாதாடி?"

"ஒட்டும்மா. நிக்கத்தான் பயப்படுறா."

கிளம்பின அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போறதுதான் போறே, வலது காலை எடுத்து வச்சுப் போ" என்றாள்.

பேத்தி பையைத் தோளில் மாட்டினாள். எல்லாரும் பார்க்க, இடது காலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.