கார்டு சரியாகத்தான் இருந்தது

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியின் கணினிப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நானும், என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்காவும். லினக்ஸ் சர்வர் என் பொறுப்பு. பெட்டி, வயர், சுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. கட்டட வரைகலை மாணவர்களின் கணினிகள் அத்தனையும் அந்த ஒரு சர்வருக்குள்தான் ஓடின. அதிலிருந்த ஒரே கிராபிக்ஸ் கார்டைத் துண்டு போட்டு எல்லாவற்றுக்கும் பங்கு கொடுத்திருந்தேன். அப்படி அமைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் சர்வரின் கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, புதுப்பித்தேன். அடுத்த முறை அணைத்துப் போடும்போதுதான் புதியது வேலைக்கு வரும். அதை மறந்தும் போனேன்.

மறுநாள் காலை அக்கா சர்வரை அணைத்து, திறந்து, தூசி ஊதிச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் போட்டார். அதன்பின் ஆய்வகத்தில் ஒரு கணினியும் கிளம்பவில்லை. திங்கட்கிழமை மாணவர்களுக்குத் தேர்வு. துறைத்தலைவர் எங்கள் இருவரையும் மற்ற ஊழியர்கள் முன்னால் கூப்பிட்டு விசாரித்தார்.

"நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது. இன்றைக்குத்தான் அக்கா பெட்டியைத் திறந்தார்" என்று மலாயில் சொன்னேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவ்வளவு கவனமாகப் பேசியிருக்கிறேன். கவனமில்லாமல் எதையும் தொடக்கூடாது என்று தலைவர் அக்காவை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அவர் தலை குனிந்தபடி நின்றார்.

சனிக்கிழமை காலை இருவரும் வந்தோம். அக்காவின் கையில் பயணப்பை. அன்று மாலைப் பூசையில், சிகாமட் தேவாலயத்தில் அவருடைய தங்கை மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அந்தப் பிள்ளைக்கு அக்காதான் ஞானத்தாய். "மத்தியான ரயிலு தம்பி. அதுக்குள்ள முடிச்சிரலாம்ல?" என்றார்.

நான் முதலில் அடித்த கட்டளையிலேயே கார்டின் பெயர் திரையில் வந்தது. அது சரியாகப் பொருந்தியிருக்கிறது, சர்வர் அதைப் பார்க்கிறது என்று அர்த்தம். அடுத்ததாகச் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். கார்டைப் பங்கு போடும் டிரைவர் மென்பொருள் ஏறவே இல்லை. புதிய கெர்னலுக்கு அது தயார் செய்யப்படவில்லை. வியாழக்கிழமை நான் செய்த வேலை. அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

"என்னா தம்பி, ஏதாச்சும் தெரியுதா?"

"இன்னும் இல்லக்கா. கார்ட வேற ஸ்லாட்ல போட்டுப் பாக்கலாமா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கண்டுபிடித்த கையோடு காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் அக்கா கார்டைக் கழற்றினார், அதன் தங்க நிற விளிம்பை ரப்பரால் மெதுவாகத் துடைத்தார், வேறு இடத்தில் பொருத்தினார். கிளம்பவில்லை. மறுபடியும் கழற்றி, அதே இடத்தில் அழுத்திப் பொருத்தினார். வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தங்கைக்குப் போன் போட்டார்.

"நான் வர முடியாது போலருக்கு. பெரியக்காவ பிள்ள பக்கத்துல நிக்கச் சொல்லு. இல்ல லா... என்னாலதான் இங்க கெட்டுப்போச்சு."

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

ரயில் போன பிறகு அவர் சாப்பாடு வாங்கக் கீழே போனார். அந்த இடைவெளியில் டிரைவரைப் புதிய கெர்னலுக்கு ஏற்ப மறுபடி நிறுவி, சர்வரை அணைத்துப் போட்டேன். அவர் இரண்டு பொட்டலம் நாசி லெமாக்கோடு திரும்பியபோது எல்லாக் கணினியும் ஓடிக்கொண்டிருந்தது.

"அலமாக்! அப்ப பழைய ஸ்லாட்தான் கோளாறா?"

"இருக்கலாம்க்கா."

திங்கட்கிழமை தலைவர் என் தோளைத் தட்டிப் பாராட்டினார். அக்கா பக்கத்தில்தான் நின்றார். மறுநாள் தாங்க முடியாமல், உணவகத்தில் அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணிக்கே தெரியும் என்பதையும்.

அவர் தேநீரைக் கலக்குவதை நிறுத்தினார்.

"நீங்க அப்ப சொல்லியிருந்தா ஓடிப்போயி ரயிலப் புடிச்சிருப்பேன்" என்றார். பிறகு போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளை உடுப்பில் சிறுமி, தலையில் பூ வளையம், பக்கத்தில் பெரியக்கா. "அழுதுச்சாம்" என்று மட்டும் சொன்னார்.

நேராகத் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "இப்போது ஓடுகிறதுதானே, விடுங்கள்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று அக்காவைக் கடிந்துகொண்டபோது இருந்த எல்லோருக்கும், தவறு என்னுடையது என்று மின்னஞ்சல் எழுதினேன். நான்கு வரிதான். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது.

அக்கா இப்போதும் அடுத்த மேசையில்தான் இருக்கிறார். வேலைப் பேச்சு வழக்கம்போல் நடக்கிறது. மன்னிப்புக் கேட்டபோது "சரி" என்றார். திரும்பித் தன் வேலையைப் பார்த்தார்.