கீழ்பென்னாத்தூர் போன சால்வை

சால்வையை முடித்து மாமியார் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கனமா இருக்குதும்மா" என்றார். ஏறக்குறைய ஒரு வருஷம் பின்னியதற்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அவர் கேட்டுத்தான் அதை ஆரம்பித்திருந்தேன். எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். மார்கழியில் விடியும் முன் குளித்துவிட்டு, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாமியார், திரும்பும்போது பல் கிட்டிப்போய் வருவார். "டீச்சர் ட்ரெய்னிங் ஹாஸ்டல்ல பின்னக் கத்துக்கிட்டேன்னு சொன்னியே, எனக்கு ஒரு சால்வை போடேன்" என்றார். என்னிடம் அவர் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே தேரடி வீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நல்ல வெள்ளை உல்லன் நூல் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு முழம் வளர்ந்த பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது.

"வெள்ளையா? உன் மாமனார் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. நான் வெள்ளை போத்திக்கிட்டு கோயிலுக்குப் போறதா?"

ஈஸிசேரில் இருந்த மாமனார் பேப்பரைக் கொஞ்சம் இறக்கி எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார்.

அத்தனையையும் பிரித்தேன். அரக்கு நிறத்தில் நூல் வாங்கி மறுபடி தொடங்கினேன். பள்ளிக்கூடம், சமையல், நோட்டுத் திருத்துவது எல்லாம் போக மிச்சம் கிடைக்கிற நேரத்தில் ஒரு வரிசை, இரண்டு வரிசை. அதற்குள் சித்திரை வந்துவிட்டது. எங்கள் ஊர் வெயில் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை சாயங்காலம் ஊரைப் பார்த்து மூச்சு விடும். மடியில் கம்பளி, விரலெல்லாம் வேர்வை, நூல் ஊசியை விட்டு நகராது. ஃபேனைப் போட்டால் மாமனாருக்குப் பேப்பர் பறக்கும். பக்கத்து வீட்டம்மா தினமும் வாசலில் நின்று, "இந்த வெயில்ல கம்பளியா? பாக்கறதுக்கே எனக்கு வேர்க்குது" என்பார். அப்படியானால் பார்க்காமல் இருக்க வேண்டியதுதானே?

முக்கால்வாசி முடிந்தபோது நூல் தீர்ந்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார், அந்த அரக்கு இனி வராதாம். என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக வேலூர் போகிறவர். மாதிரிக்கு ஒரு துண்டு நூலைக் கொடுத்து, இதே நிறத்தில் வாங்கி வரச் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே செங்கல் நிறம்.

"இது செங்கல் கலருங்க."

"ரெண்டும் செவப்புதானே?"

"மாதிரிக்குக் குடுத்த நூல் எங்க?"

"அது வேற சட்டையில இருக்குது."

நான்கு நாள் ஊசியைத் தொடவில்லை. பிறகு வேறு வழியில்லாமல், பின்னிய வரைக்கும் போதும் என்று நிறுத்தி, இரண்டு முனையிலும் அந்தச் செங்கல் நிறத்தையே கரையாகப் போட்டேன். ஆரம்ப முனையில் ஒவ்வொரு கண்ணியாகத் தேடி எடுத்து மறுபடி ஊசியில் ஏற்றுவதற்குள் கண் பூத்துப்போனது. கார்த்திகை தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பிய வாரத்தில் சால்வை முடிந்தது.

மாமியார் அதை இரண்டு காலை போர்த்திக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பழையபடி துண்டுதான். "கழுத்துல குத்துது" என்றார். சரி, பெட்டியில் வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அடுக்களைக்குள் போனால், இட்லி மாவுப் பாத்திரம் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

"அத்தை, என்ன இது?"

"மார்கழியில மாவு பொங்கவே மாட்டேங்குதும்மா. இதுல சுத்தி வச்சா எப்பிடிப் பொங்குதுன்னு காலைல பாரு."

காலையில் என் வீட்டுக்காரர், "இன்னிக்கு இட்லி பஞ்சாட்டம் இருக்குதே" என்று சொல்லி இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இட்லி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பொங்கல் முடிந்து பார்த்தால் பாத்திரத்தின் மேல் சால்வை இல்லை.

"என் தங்கச்சி வந்தா இல்ல, கேட்டா. குடுத்துட்டேன்."

"உங்களுக்காகப் போட்டது அத்தை அது!"

"எனக்குப் போட்டதுதானே? எனக்குன்னா, நான் யாருக்கு வேணா குடுப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வேறு ஏதோ காரணம் சொல்லிவிட்டு, அந்தத் தங்கை இருக்கிற கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். சால்வையைத் திரும்ப வாங்காமல் வருவதில்லை என்ற முடிவோடு, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சின்னத்தை வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயிலில், சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்துபோன மறுநாளிலிருந்து குளிர்காய்ச்சலாம். முகம் சுருங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாம்மா, வாம்மா. இது மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன். ஆஸ்பத்திரியில நர்சம்மாகூட எங்க வாங்கினதுன்னு கேட்டுது. எங்க அக்கா மருமவ கையால போட்டதுன்னு சொன்னேன்."

நெல் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே சால்வையின் முனையை விரித்துக் காட்டினார். "இந்தக் கரைதான் அழகே. ரெண்டு கலர் வச்சிப் போடணும்னு உனக்கு எப்பிடிம்மா தோணுச்சி?"

"தோணுச்சி அத்தை" என்றேன்.

யாருக்கென்று பின்னினேனோ அவருக்கு அதன் அருமை தெரியவில்லை, தெரிந்தவரிடமிருந்து பிடுங்கவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஒரு பையும், அதே மாதிரி ஆளுக்கொன்று வேண்டுமென்று அந்த இரண்டு பெண்கள் சொன்ன ஆர்டரையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சால்வை போய்விட்டது என்றதும் அடுத்து நான் என்ன பின்ன வேண்டும் என்பது வீட்டில் ஆளாளுக்குத் தெரிந்திருந்தது. மாமனாருக்கு மங்கி குல்லா. என் வீட்டுக்காரருக்கு, ரேடியோவில் தூசி படியாமலிருக்க ஒரு உறை. மாமியார் கடைசியாகச் சொன்னார்: "எனக்கே இன்னொண்ணு போடேன். கொஞ்சம் லேசா."

"எதுக்கு அத்தை? மாவுக்கா?"

"அதுக்கும்தான்" என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல்.

கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "இந்தத் தடவை எனக்கு. ஒரு ஸ்வெட்டர்" என்றேன்.

"உனக்கா? உனக்கு எதுக்கு?"

"காலைல செங்கம் பஸ்ல எனக்கும்தான் குளிருது."

மாமனார் பேப்பரை இறக்கியவர் மறுபடி ஏற்றவில்லை. "சொல்லவே இல்லியே நீ" என்றார் மாமியார்.

சம்பளம் வந்ததும் நானே கடைக்குப் போய், மயில் கழுத்து நிறத்தில் வேண்டியதற்கு மேலேயே நூல் வாங்கி வந்தேன். சரம் சரமாக வந்த நூலை உருண்டையாகச் சுற்ற, யாராவது அதை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார வேண்டும். மாமியார் தானாக வந்து கையை நீட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று "ஐயோ, பாலு!" என்று சரத்தோடு எழுந்து அடுக்களைக்கு ஓடிவிட்டார். பாலும் பொங்கியது, நூலும் போனது.

சிக்கெடுக்க அந்தச் சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. அவரும் எழுந்துபோகவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்து, நூலை இப்படிச் சரமாக விற்கிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.