ஐஸ் ஏற்றாத லாஞ்ச்

ஈரானில் குண்டு விழத் தொடங்கியதும் எங்கள் தெருவில் ஒரு போர்த் தளபதி உதயமானான். நான்தான். ஓய்வுபெற்ற கிளார்க், மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கும், ஆனால் எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று நாக்கு நுனியில் இருக்கும். டீக்கடையில் நான் ஈரான் பக்கம். பலசரக்குக் கடைக்காரர் எதிர்ப்பக்கம். அவரவர் சேனல் ஊட்டியதை அவரவர் கக்கினோம். டீ ஆறியதுதான் மிச்சம்.

கடியப்பட்டணத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் மகன் ஈரானில்தான், லாஞ்ச் என்கிற பெரிய விசைப்படகில் மீன்பிடிக்கப் போயிருந்தான். அங்கே சிக்கியவர்களை மீட்கச் சொல்லி அரசுக்கு அனுப்பப் பங்குக் கோயிலில் மனு வாங்குகிறார்கள், கொடுக்கவா என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் ஆகாது, நம்ம பக்கம் ஜெயிக்குது என்று சொல்லி, நெத்திலியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் கடைக்காரர் பரப்பிய வீடியோ ஒன்றின் சேதி அந்த அம்மாவின் காதுக்கும் எட்டிவிட்டது. மகன் நிற்கிற துறைமுகமே எரிகிறதாம். எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, என் போனில் அதைக் காட்டச் சொன்னார்.

"இதில லாஞ்சே இல்லியே. பூரா சின்ன வள்ளம். இது வேற எங்கயோ சாரே."

எனக்கு வெற்றி. உடனே என் சேனலின் வீடியோவை நீட்டினேன்: மகன் நிற்கிற அதே துறைமுகம், வெயில், சலனமில்லாத தண்ணீர். அதை அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"லாஞ்சு எல்லாம் பொங்கி நிக்கு, பாத்தியளா? கடலுக்குப் போக மீனுக்கு ஐஸ் ஏத்துனா தாழ்ந்துல்லா நிக்கும். கரையில ஒரு மீன்பெட்டி இல்ல, ஒரு காக்கா இல்ல. யாரும் கடலுக்குப் போவல."

அமைதி நிலவுகிறது என்று நான் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிய படம் அது.

மகனிடமே கேட்டால் என்ன என்றேன். சுகமாக இருக்கேன் என்று தினமும் வாய்ஸ் அனுப்புகிறானாம்.

"அவன் எனக்கிட்ட சொல்லுகதும் ஒங்களுக்க சேனலு மாதிரிதான் சாரே."

சொல்லிவிட்டு போனை வாயருகே வைத்தார். "மக்கா, ஐஸ் ஏத்தி எத்தன நாளாச்சு?" வேறு ஒன்றும் கேட்கவில்லை.

என் மனைவி அன்று வாங்கிய சாளை மீனைக் கழுவி முடிப்பதற்குள் பதில் வந்தது. "ஒம்பது நாளாச்சும்மா." இந்தக் கேள்விக்கு அவன் பொய் தயாரித்து வைத்திருக்கவில்லை.

மனு எழுத உட்கார்ந்தேன். நம் கை சும்மா இருக்குமா? முதல் பத்தியிலேயே வல்லரசுகளின் சதி வந்துவிட்டது. வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தச் சண்டைய வெட்டுங்க. எனக்க மவன் எந்தத் துறைமுகத்துல, எந்த லாஞ்சில நிக்கான்னு மட்டும் எழுதுங்க. தேடிப் போறவனுக்கு அதுதான வேணும்."

வெட்டினேன். நாலு வரி மிஞ்சியது. கூடையில் பாதி மீன் அப்படியே கிடக்க, மனுவைக் கோயிலில் கொடுக்க, அந்த அம்மா அடுத்த தெருவுக்குப் போகாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்; நானும் கூடப் போனேன். பஸ் வந்ததும் கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்தை, கடையிலிருந்து இறங்கி வந்த பலசரக்குக் கடைக்காரர் பிடித்தார்.