பயறுதின்னி ஜனாதிபதி

தெனின் கேய்ட்டா சந்தையில் புகைமீன் விற்பவள். பக்கத்துக் கடை என்னுடையது. வாயில் அடக்கி மெல்லும் கோலாக் கொட்டை விற்கிறேன். அவளுக்கு வாய் ரொம்பப் பெரிது. அதிலும் கூலிபாலி குலத்தான் எவனாவது வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவளுடைய கேய்ட்டா குலத்துக்கும் கூலிபாலி குலத்துக்கும் கேலி முறை. ‘பயறுதின்னி’ என்று முகத்துக்கு நேரே ஏசலாம், ‘என் அடிமை’ என்று திருப்பி ஏசலாம், யாரும் கோபப்படக் கூடாது. முறைக்காரர் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்லவும் கூடாது. எங்களுக்கு அது சட்டத்தைவிடப் பெரிது.

கர்னல் மொரிபா கூலிபாலி எங்கள் ஊர்க்காரன். பழைய ஆட்சியைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்தவன். இரண்டே வருஷம், அப்புறம் முகாமுக்குத் திரும்பிவிடுவேன் என்று வானொலியில் சத்தியம் செய்துவிட்டுச் சந்தைக்கு வந்தான். தெனின் விடுவாளா?

“வாடா பயறுதின்னி! தள்ளி நில்லு. உன் வயித்துக் காத்து பட்டா என் மீன் கெட்டுரும்!”

“உன் மீனைவிடவா நான் நாறுறேன், அடிமைக் கழுதை?” என்று கர்னல் விழுந்து விழுந்து சிரித்தான். நம்ம பையன் என்று சந்தையே கைதட்டியது. முட்டாள் சந்தை!

சொன்ன கெடு முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அங்கி மாட்டிக்கொண்டான். தேர்தல் வைத்து அவனே ஜெயித்தான். மறுபடியும் ஜெயித்தான். இரண்டு முறைக்கு மேல் ஆளக் கூடாது என்றிருந்த சட்டத்தைத் திருத்தி மூன்றாம் முறையும் நின்றான். அதை எதிர்த்து ஊர்வலம் போன பிள்ளைகளைப் பட்டாள லாரிகள் அள்ளிக்கொண்டு போயின. தெனினின் ஒரே மகன் ஜிகியும் அதில் போனான்.

பிரசாரத்துக்கு வந்தவனின் காருக்கு முன்னால் போய் நின்றாள் தெனின்.

“டேய் பயறுதின்னி, என் புள்ளையக் குடு. மொறைக்காரி கேக்குறேன். இல்லேன்னு சொல்ல உனக்கு வாய் கெடையாது.”

கேமராக்கள் ஓடிவந்தன. அவன் இறங்கி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். “என் அடிமை கேட்டு நான் இல்லேம்பேனா? நாளைக்கு வந்துருவான். பயறு ஆக்கி வை, அவனும் பழகட்டும்!”

வாழ்நாளில் பயறைத் தொடாதவள் அன்று பயறு ஆக்கினாள். அது சட்டியிலேயே ஊசிப்போனது. பிள்ளை வரவில்லை. தொலைக்காட்சியில் மட்டும் தேர்தல் வரைக்கும் அந்த அணைப்பைப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு எளிமையான தலைவர் என்று அதில் ஒருவன் உருகினான். த்தூ! அவன் ஜெயித்தான். ஜிகி வரவேயில்லை.

கர்னல் பதவியிலேயே மாரடைப்பு வந்து செத்தான். பிணத்தை எங்கள் ஊரிலிருந்த சொந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிணம் வாசலைத் தாண்டுமுன் கேலி முறைக்காரர் வழிமறித்து ஏச வேண்டும். வீட்டார் கெஞ்சிய பிறகுதான் வழிவிடுவார்கள். அது செத்தவனுக்கு நாங்கள் செய்யும் மரியாதை. அதற்குத் தெனின்தான் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். தொலைக்காட்சியில் வந்தவள் அல்லவா!

போனாள். வாசலில் குறுக்கே நின்றாள். கேமராக்கள் தயார். எல்லா முகத்திலும் பாதிச் சிரிப்பு. அவள் வாயைத் திறக்கவில்லை.

“ஏதாச்சும் ஏசு தெனின்,” என்று கெஞ்சினான் செத்தவனின் அண்ணன். “நீ ஏசுனாத்தான அவன் கெளம்ப முடியும்?”

“மொறைக்காரனா இருந்தா ஏசுவேன்,” என்றாள். “இது யார் வீட்டுப் பொணமோ, எனக்குத் தெரியாது. தூக்கிட்டுப் போங்க.”

ஒதுங்கி வழிவிட்டாள். பாடையைத் தூக்கியவர்கள் போவதா நிற்பதா என்று தெரியாமல் வெயிலில் நின்றார்கள். அவள் கடை திறக்கப் போய்விட்டாள்.